வாப்பாவின் பெயரில் ஒரு கந்தோர்: ஏயர் விளம்பர நிறுவனத்தின் பெயரும் மைல்கற்களும்

விளம்பர நிறுவனங்களின் வரலாறு நம்முடைய ஆய்வுச் சஞ்சிகைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. பத்திரிகைகளின் வரலாற்றை எழுதுகிறோம். அச்சகங்களைப் பற்றியும் எழுதுகிறோம். எழுத்தாளர் வரலாறு பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அந்தப் பத்திரிகைகளுக்குக் கடதாசியும் மையும் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது. விளம்பரம் எண்டது யாவாரிமார்ட வேலை, அதுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு.

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எந்த நிறுவனமும் தன்னைப் பற்றி எழுதும்போது இரண்டு விடயங்களை முன்னால் வைக்கும். ஒன்று, பெயர் வந்த கதை. மற்றது, ஆண்டுவாரியான ஒரு பட்டியல். ஆரம்பம், முதல் வாடிக்கையாளர், புதிய கட்டடம், ஐம்பதாவது ஆண்டு நிறைவு என்று அது போகும். மேலே ‘மைல்கற்கள்’ எண்டு தலைப்புப் போடுவாங்க. நம்முடைய பாடசாலைகளின் நூற்றாண்டு மலர்களும் பள்ளிவாசல் திறப்பு விழா மலர்களும் கூட இந்த அமைப்பில்தான் வருகின்றன. ஊர் வரலாறு எழுதப் புறப்படுகிறவர் முதலில் தேடிப் போவதும் இந்த மலர்களைத்தான். ஆகவே இப்படியான பட்டியலை எப்படி வாசிப்பது என்று தெரிந்துகொள்வது நமக்குத் தேவையான ஒரு பயிற்சி.

அந்தப் பயிற்சிக்கு நான் தெரிவு செய்திருப்பது நமக்குத் தூரமான ஒரு நிறுவனம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1869இல் தொடங்கி 2002இல் மூடப்பட்ட ‘என். டபிள்யூ. ஏயர் அன்ட் சன்’. (நம்ம காதுக்கு ‘ஐயர்’ எண்டு கேக்கலாம். அவருக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை.) பிறந்தது, வளர்ந்தது, முடிந்தது எல்லாம் தெரிந்த நிறுவனம் என்பதால் முழுதாக வைத்துப் பார்க்கலாம். நமக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று அங்கே யாரும் இல்லை என்பதும் ஒரு வசதி.

பெயர் வந்த விதம்

நிறுவனத்தைத் தொடங்கியவர் பிரான்சிஸ் வேலண்ட் ஏயர். பிறந்தது 1848இல். வாப்பா நேதன் வீலர் ஏயர் ஒரு பாடசாலை ஆசிரியர். பிலடெல்பியாவில் பெண்பிள்ளைகளுக்கான ஒரு பாடசாலையை நடத்தியவர். மகனும் இளவயதிலேயே கிராமத்துப் பாடசாலைகளில் படிப்பித்தார். ஒரு வருடம் பல்கலைக்கழகம் போனார். அதற்கு மேல் போகக் கையில் காசு இல்லை.

பிறகு ‘நேஷனல் பப்டிஸ்ட்’ என்ற கிறிஸ்தவ வாரப் பத்திரிகைக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. கடை கடையாகப் போய்க் கேட்கிற வேலை. சேர்த்த தொகையில் ஒரு பங்கு கூலி. அதில் அவருக்குக் கை வந்தது. ஒரு பத்திரிகைக்குச் செய்கிற வேலையைப் பல பத்திரிகைகளுக்குச் செய்தால் என்ன என்ற யோசனையும் கூடவே வந்தது. 1869 ஏப்ரல் முதலாம் திகதி, 250 டொலர் முதலோடு, தன்னுடைய 21ஆவது வயதில் கந்தோரைத் திறந்தார். கையில் இருந்தவை 11 சமயப் பத்திரிகைகளின் விளம்பர இடங்கள்.

அதற்கு வைத்த பெயர்தான் ‘என். டபிள்யூ. ஏயர் அன்ட் சன்’. அதாவது, நேதன் வீலர் ஏயரும் மகனும். தொழிலைத் தொடங்கியவர் மகன், ஆனால் பலகையில் முதலாவதாக நிற்பது வாப்பா. விளம்பரத் தொழிலை நடத்தப் போகிறவர் ‘மகன்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒதுங்கிக்கொண்டார்.

இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, வாப்பாவுக்கான மரியாதை. இரண்டாவது, யாவார புத்தி. இருபத்தொரு வயதுப் பெடியனை நம்பி எந்த முதலாளி காசு கொடுப்பார்? ‘அன்ட் சன்’ என்று இருந்தால், ஒரு தலைமுறை கடந்த ஸ்தாபனம் போலத் தோன்றும். கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் ‘அன்ட் சன்ஸ்’ என்று முடிகிற பலகைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தச் சொற்கள் சொல்வது, வாப்பா நடத்தினார், பிள்ளைகள் தொடர்கிறார்கள், கடன் கொடுத்தால் மோசம் போகாது என்பதைத்தான். ஏயரிடம் இது தலைகீழாக நடந்தது. மகன் தொடங்கிய தொழிலுக்குள் வாப்பா கூட்டிவரப்பட்டார்.

இதைப் பொய் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. வாப்பா உண்மையிலேயே அதில் பங்காளியாக இருந்தார். ஆனால் பலகையை வாசிப்பவர் எடுத்துக்கொள்ளும் கருத்து, பலகையில் எழுதியிருப்பதை விடப் பெரியது. எழுத்து ஒன்றைச் சொல்ல, வாசிப்பவர் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார். விளம்பரக் கலை என்பதே இந்த இடைவெளிதான். அந்தக் கந்தோரிலிருந்து புறப்பட்ட முதல் விளம்பரம் அதன் பெயர் என்று சொன்னால் தப்பில்லை.

கால ஒப்பீட்டுக்காக ஒரு செய்தி. அதே 1869இல்தான் கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் அவர்கள் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய் மொழிப் பத்திரிகையை அரபு எழுத்தில் கல்லச்சில் வெளியிடத் தொடங்கினார். சித்தி லெப்பை அவர்களின் ‘முஸ்லிம் நேசன்’ வருவதற்கு இன்னும் 13 வருடங்கள் இருந்தன.

அன்றைய முகவர் யார்?

இன்று விளம்பர நிறுவனம் என்றால் வாசகம் எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் நினைவுக்கு வருவார்கள். 1869இல் அப்படி இல்லை. விளம்பர முகவர் ஓர் இடைத்தரகர். பத்திரிகையில் உள்ள வெற்று இடத்தை வாங்கி விற்கிறவர். விளம்பரத்தில் என்ன எழுதுவது என்பது கடைக்காரரின் பாடு.

இந்தத் தரகு எப்படி நடந்தது என்று விளங்கிக்கொண்டால்தான் பின்னால் வரும் பெரிய மாற்றம் விளங்கும். முகவர் பத்திரிகைக்காரரிடம் பேரம் பேசி ஓர் இடத்தை 60 டொலருக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் அதையே 100 டொலருக்குக் கொடுப்பார். ஆள் விவரம் தெரியாதவர் என்றால் 120. பத்திரிகைக்காரருக்குக் கடைக்காரர் கொடுத்தது தெரியாது. கடைக்காரருக்குப் பத்திரிகைக்காரர் வாங்கியது தெரியாது. நடுவில் இருப்பவருக்கு மட்டும் இரண்டும் தெரியும். கடைக்காரருக்கு எந்தப் பத்திரிகை நல்லது என்பதை விட, எதில் தனக்கு இலாபம் கூட என்பதையே முகவர் பார்ப்பார்.

பத்திரிகைகளும் சும்மா இருக்கவில்லை. எத்தனை பிரதி விற்கிறது என்பதை மனம்போன போக்கில் கூட்டிச் சொல்லின. ஜோர்ஜ் ரொவெல் என்ற முகவர் இதற்கு மருந்தாக அமெரிக்கப் பத்திரிகைகளின் பட்டியல் ஒன்றை, பிரதிகளின் மதிப்பீட்டோடு வெளியிட்டார். அதுவும் 1869இல்தான்.

சமயப் பத்திரிகைகளில் விளம்பர இடத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. அவை வீட்டுக்குள்ளே போகிற பத்திரிகைகள். குடும்பமே உட்கார்ந்து வாசிக்கும். அதில் வந்தால் நம்பகமான சாமானாகத்தான் இருக்கும் என்று வாசகர் நினைப்பார். அந்த நம்பிக்கையைத் தேடி முதலில் வந்து நின்றவர்கள் யார் என்றால், சர்வரோக நிவாரணிகளை விற்ற மருந்துக்காரர்கள். ஏயர் நிறுவனத்தின் ஆரம்ப வருமானத்திலும் அவர்களுடைய பங்கு பெரியது. நிறுவனங்கள் தாமே எழுதும் மைல்கற்களில் இப்படியான வரி இடம்பெறுவது அபூர்வம்.

வாங்கிய வயது

1873இல் வாப்பா காலமானார். பெயர் அப்படியே இருந்தது. நான்கு வருடங்கள் கூட நிற்காத ஒரு பங்காளியின் பெயர் அதன் பிறகு 129 வருடங்கள் பலகையில் நின்றது.

1877இல் ஏயர் ‘கோ, வெதரில்’ என்ற இன்னொரு நிறுவனத்தை வாங்கினார். அது சாதாரணக் கொள்வனவு அல்ல. வோல்னி பால்மர் என்பவர் 1840களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் நடத்திய முகவரகம், அமெரிக்காவின் முதலாவது விளம்பர முகவரகம் என்று கருதப்படுகிறது. கைமாறிக் கைமாறி வந்த அதன் தொடர்ச்சிதான் கோ, வெதரில். அதை வாங்கியதோடு, எட்டு வயதான ஏயர் நிறுவனம் தன்னுடைய வம்ச வரிசையை பால்மர் வரைக்கும் கொண்டுபோகக்கூடிய நிலைக்கு வந்தது. மேசை கதிரையோடு சேர்த்து ஒரு முன்னோரையும் வாங்கிக்கொண்ட மாதிரி.

இது ஏயரிடம் மட்டும் காணப்படும் குணம் அல்ல. நியூயோர்க்கில் ‘கார்ல்டன் அன்ட் ஸ்மித்’ என்ற சிறு முகவரகம் 1864இல் தொடங்கியது. அதுவும் சமயச் சஞ்சிகைகளில் இடம் விற்ற கந்தோர்தான். அங்கே வேலை செய்த ஜேம்ஸ் வோல்டர் தொம்சன் 1870களின் பிற்பகுதியில் அதை வாங்கினார். தொழிலுக்கு 500 டொலர், தளபாடங்களுக்கு 800 டொலர் கொடுத்தார் என்பது பிரசித்தமான கதை. வாங்கியதும் பலகையில் தன் பெயரைப் போட்டார். ஆனால் ஆரம்ப ஆண்டாக 1864ஐ வைத்துக்கொண்டது அந்த நிறுவனம். பெயர் வாங்கியவருடையது, வயது விற்றவருடையது.

இது விளம்பரக்காரர்களின் சாமர்த்தியம் மட்டும்தானா? எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையின் மலர்க்குழுக் கூட்டத்தில், ஆரம்ப ஆண்டு எது என்பதற்கு ஒரு பின்னேரம் முழுவதும் வாதம் நடந்தது. அரசாங்கம் பொறுப்பேற்ற ஆண்டா, ஓலைக் கொட்டிலில் பிள்ளைகள் ஓதத் தொடங்கிய ஆண்டா, பதிவேட்டில் முதல் பெயர் எழுதப்பட்ட ஆண்டா? மூன்றுக்கும் இடையில் பல வருட வித்தியாசம். பக்கத்து ஊர்ப் பாடசாலையை விட மூத்தது எண்டு வரவேணும் என்பதுதான் சபையின் விருப்பம். எந்த ஆண்டைப் போட்டாலும் அது முழுப் பொய்யாகாது. ஆனால் எதை ஆரம்பம் என்று வைத்துக்கொண்டோம் என்பதை ஒரு வரியில் எழுதாமல் விட்டால், அடுத்து வருகிற ஆய்வாளர் அதைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்வார்.

உண்மையான மைல்கல்

ஏயர் நிறுவனத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம் எது என்று கேட்டால், வாங்கிய வயதும் அல்ல, பிறகு கட்டிய கட்டடமும் அல்ல. ஒரு கணக்கு முறைதான்.

1870களின் நடுப்பகுதியில் பிரான்சிஸ் ஏயர் தன்னுடைய தொழிலைப் பற்றியே சஞ்சலப்படத் தொடங்கினார். அவர் பக்திமான். கெம்டன் நகரில் ஒரு ஞாயிறு பாடசாலையைப் பல வருடங்கள் பொறுப்பாக நடத்தியவர். விளம்பர முகவர் என்றால் இரண்டு பக்கமும் வெட்டுகிறவர் என்ற பேர் சமூகத்தில் இருந்தது. அந்தப் பேரோடு வாழ அவருக்கு விருப்பமில்லை.

அவர் கண்டுபிடித்த வழிதான் ‘திறந்த ஒப்பந்தம்’. 1875-76 காலத்தில் இது நடைமுறைக்கு வந்தது. ரோஜாச் செடிகளை வளர்த்துத் தபாலில் விற்ற ‘டிங்கீ அன்ட் கொனார்ட்’ என்ற நிறுவனத்தோடு முதலாவதாக இப்படி ஒப்பந்தம் செய்தார். விடயம் எளிமையானது. பத்திரிகைக்குக் கொடுத்த உண்மையான விலையை வாடிக்கையாளருக்குக் காட்டுவது. கழிவு கிடைத்தால் அது வாடிக்கையாளருக்கே. முகவருக்கு அதன் மேல் ஒரு நிலையான தரகு. ஆரம்பத்தில் நூற்றுக்கு 12.5, பிறகு 15.

இந்த ஒரு மாற்றத்தால் முகவர் யாருடைய ஆள் என்பது தீர்ந்துபோனது. அதுவரை அவர் பத்திரிகையின் ஆளா, கடைக்காரரின் ஆளா என்று யாருக்கும் தெரியாது. இப்போது அவர் விளம்பரம் செய்பவரின் ஆள். சம்பளம் தருபவர் அவர் என்பதால், அவருக்கு எது நல்லது என்று யோசிக்க வேண்டிய கடமை வந்தது. எந்தப் பத்திரிகை, என்ன வாசகம், எந்த ஊர், எந்த மாதம் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டி வந்தது. விளம்பர நிறுவனம் என்று இன்று நாம் சொல்லும் பொருளில் அது பிறந்த இடம் இதுதான். 15 வீதம் என்ற கணக்கு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகெங்கும் இந்தத் தொழிலின் வழக்கமாக நிலைத்தது.

இதன் விளைவு சில வருடங்களிலேயே தெரிந்தது. 1879இல் ‘நிக்கல்ஸ் அன்ட் ஷெப்பர்ட்’ என்ற சூடடிக்கும் இயந்திரக் கொம்பனியின் விளம்பரத்தைப் பெறுவதற்காக, ஏயர் கந்தோர் நாடெங்கும் அதிகாரிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் தந்தி அடித்தது. எந்த மாநிலத்தில் எந்தத் தானியம், எவ்வளவு விளைகிறது என்று கேட்டு, வந்த பதில்களைத் தொகுத்து, எந்தெந்தப் பகுதிப் பத்திரிகைகளில் விளம்பரம் போடலாம் என்று காட்டியது. சந்தை ஆய்வின் முதல் உதாரணமாக இதைச் சொல்வார்கள். தானியம் விளையாத ஊரில் சூடடிக்கும் இயந்திரத்துக்கு விளம்பரம் எதற்கு என்ற சாதாரணக் கேள்விதான். இடத்தை மட்டும் விற்ற முகவருக்கு அதைக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

1880இல் நிறுவனம் தன்னுடைய பத்திரிகை ஆண்டேட்டை வெளியிடத் தொடங்கியது. 1886இல் ‘விடாமல் செய்துகொண்டே இருப்பது வெற்றி தரும்’ என்ற கருத்துடைய வாசகத்தை முத்திரையாக வைத்துக்கொண்டது. 1892இல் விளம்பர வாசகம் எழுதுவதற்கென்றே முழுநேரமாக ஓர் ஆளை நியமித்தது. தொடங்கி 23 வருடங்களுக்குப் பிறகுதான் அந்தக் கந்தோருக்குள் முழுநேர எழுத்தாளர் ஒருவர் வருகிறார் என்பதை மொழி படித்தவர்கள் கவனிக்க வேண்டும்.

எதை விற்றார்கள், எதை விட்டார்கள்

ஏயர் நிறுவனம் காலப்போக்கில் சாராய விளம்பரங்களைக் கைவிட்டது. பியர் விளம்பரங்களையும் நிறுத்தியது. ஒரு காலத்தில் சோறு போட்ட மருந்துக்காரர்களையும் அனுப்பிவிட்டது. நஷ்டப்பட்டுத்தான் இதைச் செய்தார்கள் என்பதால் பாராட்ட வேண்டியது.

1899இல் நேஷனல் பிஸ்கட் கொம்பனியின் பொதி செய்த பிஸ்கட்டுக்காக நாடளாவிய விளம்பரம் செய்தது. அதுவரை பிஸ்கட் கடையில் பீப்பாய்க்குள் கிடக்கும். அள்ளிக் கொடுப்பார்கள். ஈரமும் தூசியும் சேர்ந்திருக்கும். ஈரம் புகாத பொதியில் வருகிறது என்பதைக் காட்ட, மழைக்கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பையனின் படத்தைப் போட்டார்கள். பெயர் ‘யுனீடா’. ‘உனக்கு இது தேவை’ என்ற ஆங்கிலத் தொடரை ஒன்றாகச் சேர்த்து உச்சரித்தால் வருகிற சத்தம். சொல்லைப் புணர்த்திப் பெயராக்கிய வேலை.

ஆனால் அதே நிறுவனம்தான் 1913இல் சந்தைக்கு வந்த கெமல் சிகரெட்டின் விளம்பரத்தையும் செய்தது. ஒட்டகங்கள் வருகின்றன என்று மட்டும் போட்டு, என்ன ஒட்டகம் என்று சொல்லாமல் ஊரைக் காத்திருக்க வைத்தது. பிறகு 1921இல் ஒரு கெமலுக்காக ஒரு மைல் நடப்பேன் என்ற வாசகத்தையும் நாடு முழுதும் பரப்பியது. சாராயத்துக்கு மூடிய கதவு சிகரெட்டுக்குத் திறந்திருந்தது. அந்தக் காலத்து அளவுகோல் அது. நம்முடைய இன்றைய அளவுகோலையும் நாளைக்கு யாராவது இப்படித்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

பலகையில் இல்லாத பெயர்

பிரான்சிஸ் ஏயர் 1923இல் காலமானார். 1929இல் பிலடெல்பியாவின் வொஷிங்டன் சதுக்கத்தில் நிறுவனம் தனக்கென்று மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டி முடித்தது. எந்த மைல்கல் பட்டியலிலும் படத்தோடு வரக்கூடிய செய்தி. பொருளாதார மந்தம் தொடங்கிய ஆண்டும் அதுதான் என்பது பக்கத்தில் எழுதப்படாது.

1938இல் தென்னாபிரிக்க வைரக் கொம்பனியான டி பியர்ஸ் ஏயரிடம் வந்தது. மந்த காலத்தில் வைர விற்பனை விழுந்திருந்தது. கொம்பனியின் ஏகபோகம் காரணமாக அமெரிக்கச் சட்டப்படி அங்கே நேரடியாக விற்கவும் முடியாது. எனவே விளம்பரம் ஒரு கடையையோ ஒரு பொருட்பெயரையோ விற்கவில்லை. கலியாணம் பேசினால் வைர மோதிரம் என்ற எண்ணத்தை விற்றது.

பிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண் 1943இல் ஏயரில் வாசகம் எழுதச் சேர்ந்தவர். 1947இல் ஓர் இரவு, களைத்துப்போய்ப் படுக்கப் போகும் நேரத்தில், ஒரு வரியை எழுதி வைத்தார். ஆங்கிலத்தில் நான்கே சொற்கள். ‘வைரம் என்றென்றைக்கும்’ என்று தமிழில் சொல்லலாம். அடுத்த நாள் கூட்டத்தில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. இலக்கணம் சரியில்லையே என்றும் பேச்சு வந்தது. பண்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் காலத்தைச் சொல்லும் சொல் நிற்கிறது. படிப்பிக்கிற எங்களைப் போன்றவர்கள் சிவப்புப் பேனையால் வட்டம் போடக்கூடிய வசனம்தான். ஆனால் அந்த இலக்கணக் குறைதான் அதைக் காதில் நிற்க வைத்தது.

அந்த வரி இன்னொரு வேலையையும் செய்தது. என்றென்றைக்கும் உள்ளதை யாரும் விற்க மாட்டார்கள். பாவித்த வைரங்கள் திரும்பச் சந்தைக்கு வந்தால் விலை விழும். வராமல் இருந்தால் நிற்கும். பேருவளை சீனங்கோட்டையிலும் இரத்தினபுரியிலும் தலைமுறை தலைமுறையாகக் கல் பார்த்து வந்த நம்மவர்களுக்கு, கல்லின் விலை முழுவதும் கல்லுக்குள் இல்லை என்பது புதுச் செய்தியல்ல. ஆனால் ஒரு வசனம் அந்த விலையை எவ்வளவு தூரம் தாங்கிப் பிடிக்கும் என்பதை இது காட்டுகிறது.

ஜெரட்டி கால் நூற்றாண்டுக்கும் மேல் அங்கே எழுதினார். விளம்பரத் துறைச் சஞ்சிகையான ‘அட்வர்டைசிங் ஏஜ்’ 1999இல் அந்த வரியை நூற்றாண்டின் சிறந்த வாசகமாகத் தெரிவு செய்தது. அதே ஆண்டில் அவர் காலமானார். வைரத்துக்கு அந்த வாழ்வைக் கொடுத்தவர் கடைசி வரைக்கும் கலியாணம் முடிக்கவில்லை. நான்கு வருடம் கூட இருக்காத வாப்பாவின் பெயர் பலகையில் நின்றது. அந்த நிறுவனம் உலகத்துக்குக் கொடுத்த மிகப் பிரபலமான வரியை எழுதியவரின் பெயரோ விளம்பரத்தில் இல்லை. விளம்பரத்துக்குக் கையொப்பம் போடுகிற வழக்கம் கிடையாது. கட்டுரைக்கும் கவிதைக்கும் உள்ள உரிமை, வாசகம் எழுதியவருக்கு இல்லை.

முடிந்த விதமும் மிஞ்சியதும்

1970களில் தலைமைக் கந்தோர் பிலடெல்பியாவை விட்டு நியூயோர்க்குக்குப் போனது. 1990களின் நடுவில் பழைய பெரிய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். டி பியர்ஸ் போனது வோல்டர் தொம்சனிடம். 1908 முதல் கூட இருந்த தொலைபேசிக் கொம்பனி ஏ. டி. அன்ட் டி.யும் போனது. நிறுவனம் பெரிய குழுமங்களுக்குள் கரைந்து, 2002இல் அந்தப் பெயர் மூடப்பட்டது. வொஷிங்டன் சதுக்கத்துக் கட்டடம் இன்று குடியிருப்பு மாடி. வோல்டர் தொம்சனின் பெயரும் தப்பவில்லை. 2018இல் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு, 2024இல் தொம்சன் என்ற சொல்லே பலகையிலிருந்து போய்விட்டது.

அப்படியானால் இவ்வளவு விபரமும் நமக்கு எப்படிக் கிடைத்தது? இங்கேதான் நமக்கான பாடம் இருக்கிறது. ஏயர் கந்தோர் தன்னுடைய ஒப்பந்தங்களையும் கணக்குகளையும் அச்சான விளம்பரப் பிரதிகளையும் வீசவில்லை. 1930களில் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ரால்ப் ஹவர் அந்தப் பதிவேடுகளைப் பார்த்து, 1939இல் நிறுவனத்தின் வரலாற்றைப் பெரிய நூலாக வெளியிட்டார். பெயர் ஏன் அப்படி வைக்கப்பட்டது, தரகு எப்போது மாறியது, மருந்துக்காரர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அப்படியான ஆய்வால்தான் வெளியே வந்தன. நிறுவனத்தின் ஆவணங்கள் இன்று வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பலகை போனது, கட்டடம் கைமாறியது, கணக்குப் புத்தகம் மிஞ்சியது.

நம்முடைய நிலைமையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். நம் பத்திரிகைகளின் பழைய இதழ்களைச் சேர்த்து வைக்கும் ஆர்வம் இன்று ஓரளவு வந்திருக்கிறது. நல்ல விடயம். ஆனால் சேர்க்கிறவர்களும் பல வேளைகளில் கட்டுரைப் பக்கங்களை எடுத்துக்கொண்டு, பின்னட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிடுகிறார்கள். அச்சகத்தை மூடும்போது பில் புத்தகங்கள் பழைய கடதாசிக் கடைக்குப் போகின்றன. எந்தக் கடை எந்தப் பத்திரிகைக்கு ஆதரவு கொடுத்தது, எந்த ஆண்டில் அது நின்றது, அதோடு பத்திரிகையும் ஏன் நின்றது என்பதற்கெல்லாம் விடை அந்தப் புத்தகங்களில்தான் இருந்தது.

மலர் தயாரிப்பவர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. ஆரம்ப ஆண்டைப் போடும்போது, எதை ஆரம்பம் என்று எடுத்தோம் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். பலகையில் பெயர் உள்ளவர்களோடு, பலகையில் பெயர் இல்லாமல் வேலை செய்தவர்களையும் கேட்டுப் பதியுங்கள். அச்சுக் கோர்த்தவர், படி திருத்தியவர், விளம்பரம் சேர்க்கக் கடை கடையாக நடந்தவர் என்று ஊருக்கு ஓரிருவர் இன்னும் இருப்பார்கள். அவங்க மவுத்தான பிறகு யாரிட்டப் போய்க் கேக்கிறது? மூன்றாவது, மலர் வந்த பிறகு பழைய கணக்குப் புத்தகங்களை வீசாதீர்கள். மலரில் இருப்பது நாம் நம்மைப் பற்றிச் சொல்ல விரும்பியது. பில் புத்தகத்தில் இருப்பது நாம் செய்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பின்னால் வருகிறவர்களுக்கு வரலாறு எழுத முடியும்.